இலையைப் பார்த்துப் பூஞ்சைக்குப் பெயரிடலாமா?

இலையில் வாழும் நுண்பூஞ்சைகளுக்குப் புதுப்பெயர் சூட்டும் வேலை நம் தாவரவியல் துறைகளில் இன்னும் ஓயவில்லை. அதற்கு ஒரு நியாயமும் சொல்லப்படுகிறது: டி.என்.ஏ. ஆய்வெல்லாம் பணமுள்ள ஆய்வகங்களின் வேலை. நமக்கு இலையும் நுண்ணோக்கியும் போதும். இதுவரை பதிவாகாத செடியில் பூஞ்சை கிடைத்தால் அது புதிய சிற்றினம்தான். நுண்ணோக்கியைப் பற்றிச் சொல்வதை ஏற்கிறேன். புதிய செடி என்றால் புதிய பூஞ்சை என்பதை ஏற்க முடியாது.

நுண்ணோக்கியின் சாதனைகளை யாரும் மறுக்கப்போவதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் சி.வி. சுப்பிரமணியன் 1962-இல், வித்துகள் உருவாகும் முறையைக் கொண்டு ஹைஃபோமைசீட்ஸ் பூஞ்சைகளை வகைப்படுத்தினார். 1971-இல் இந்தியச் சிற்றினங்களைப் பெருநூலாகத் தொகுத்தார். உலகம் திரும்பிப் பார்த்த அந்த வேலை கண்ணாலும் கையாலும் நடந்தது. திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டில் வி.பி. ஹோசகவுடர் மெலியோலா வகைக் கரும்பூஞ்சைகளைத் தொகுத்திராவிட்டால், மேற்குத் தொடர்ச்சி மலையின் பல பூஞ்சைகள் கணக்கிலேயே வந்திருக்கா. மெலியோலாவும் துருப் பூஞ்சைகளும் உயிருள்ள செடியை நம்பியே வாழ்பவை. பெரும்பாலும் குறிப்பிட்ட சில செடிகளை விட்டு நகராதவை. அவற்றை இனங்காண ஓம்புயிரி, அதாவது அவை வாழும் செடி, நன்றாகவே உதவும்.

ஆனால் அந்த உதவியை எல்லாப் பூஞ்சைகளுக்கும் விதியாக்கிவிட்டோம். மதுரையில் கோரிப்பாளையத்திலிருந்து அழகர்கோவில் சாலை வழியே போனால் புங்க இலைகளில் கறுத்துத் தடித்த தார்ப்புள்ளிகளைப் பார்க்கலாம். அதை இனங்காண வரும் மாணவர் முதலில் மரத்தின் பெயரைக் கேட்கிறார். புங்கம் என்றதும் பட்டியலைத் திறந்து, அதற்கு நேரே இருக்கும் ஃபில்லாகோரா பொங்காமியே என்ற பெயரை எழுதிவிடுகிறார். விடை சரியாகவே இருக்கலாம். ஆனால் அவர் இனங்கண்டது மரத்தைத்தான், பூஞ்சையை அல்ல. கதவிலக்கத்தை வைத்து ஆளை முடிவு செய்வது போன்றது இது.

இதில் சோம்பலைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. ஒரு பூஞ்சை எந்தச் செடியில் வாழ்கிறது என்பதையே அதன் இலக்கணமாக்கிவிட்டால், அது வேறு செடிக்குத் தாவுமா என்ற கேள்வி பிறக்கவே வழியில்லை. தாவினாலும் அங்கே அதற்கு வேறு பெயர் காத்திருக்கும். கண்டுபிடிக்க வேண்டியதை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு, பிறகு அந்த முடிவையே சான்றாகக் காட்டுகிறோம். பயிர் நோயைப் பொறுத்தவரை, ஒரு பூஞ்சை எந்தெந்தச் செடிகளில் தங்கும் என்பதைவிட முக்கியமான கேள்வி கிடையாது.

செர்கோஸ்போரா என்ற ஒரே பேரினத்தின் கதை போதும். 1954-இல் சார்லஸ் சப் தம் பெருநூலில் 1,419 சிற்றினங்களை ஏற்றார். பிறகு பெயர்கள் 3,000-ஐயும் தாண்டின. செடிக்கொரு சிற்றினம் என்ற வழக்கம்தான் அந்தப் பெருக்கத்துக்கு முதன்மைக் காரணம். 2003-இல் குரூஸும் பிரவுனும் மறு ஆய்வு செய்தபோது செர்கோஸ்போராவில் நின்றவை 659. மேலும் 281, செலரிச் செடியில் வாழும் செர்கோஸ்போரா ஏப்பியையிலிருந்து உருவத்தால் பிரித்தறிய முடியாதவை. பத்தாண்டு கழித்து டி.என்.ஏ. கொண்டு பார்த்தபோது, சில சிற்றினங்கள் ஒரே செடியோடு நிற்பதும் சில வெவ்வேறு குடும்பச் செடிகளில் பரவியிருப்பதும் தெரிந்தது. எது நிற்கும், எது பரவும் என்பதை இலையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

நம் ஊர்க் கதை இன்னும் நெருங்கி உறைக்கும். கோயம்புத்தூரில் மிளகாய்ச் செடியிலிருந்து எடுத்த பூஞ்சைக்கு 1913-இல் சிடோ மிளகாயின் பெயராலேயே வெர்மிகுலேரியா காப்சிசி என்று பெயரிட்டார். 1931-இல் பட்லரும் பிஸ்பியும் அதைக் கொலெட்டோட்ரைக்கம் காப்சிசி ஆக்கினார்கள். நுனிக்கருகலுக்கும் பழ அழுகலுக்கும் காரணமாக அந்தப் பெயரே பாடப்புத்தகங்களில் நிலைத்தது. 2009-இல் டாம் குழுவினர் டி.என்.ஏ.வையும் உருவத்தையும் சேர்த்து ஒப்பிட்டு, 1832-லேயே ஷ்வைனிட்ஸ் பெயரிட்டிருந்த ட்ரன்கேட்டம் என்ற பூஞ்சைதான் இதுவும் என்றார்கள். அது சோயா உள்ளிட்ட பயறு வகைகளையும் தாக்கும். மிளகாய்க்கு மட்டும் உரியது என்று பெயரே சொல்லிக்கொண்டிருக்கும்போது, பக்கத்து வயலின் பயற்றையோ வரப்போரக் களையையோ யார் சந்தேகிப்பார்கள்? விருதுநகர், இராமநாதபுரம் பக்கத்து மிளகாய் விவசாயிக்குப் பயிர் மாற்றிப் போடச் சொல்லும்போது, எந்தப் பயிரை மாற்றிப் போடுவது என்ற கேள்வி இந்தப் பெயரோடு பிணைந்திருக்கிறது.

ஓம்புயிரியைப் பார்க்காமல் உருவத்தை மட்டும் கொண்டு சேர்த்தவர்களும் தவறினார்களே என்று கேட்கலாம். உண்மைதான். கொலெட்டோட்ரைக்கத்தில் சுமார் 750 பெயர்களை 1957-இல் வான் ஆர்க்ஸ் 11 ஆகச் சுருக்கினார். அதில் ஒன்றான குளோயோஸ்போரியாய்டிஸ் தொகுப்பையே 2012-இல் 22 சிற்றினங்களாகப் பிரிக்க வேண்டிவந்தது. ஆனால் செடிவாரிப் பெயர்களுக்கு இதனால் உயிர் வந்துவிடவில்லை. புதிதாகப் பிரிந்தவற்றில் பல, எத்தனையோ செடிகளில் வாழ்பவை. தாய்லாந்தில் காப்பிப் பழத்தில் கண்டு பெயரிட்ட சயாமென்ஸ் பிறகு எத்தனை பயிர்களில் கிடைத்தது என்று பார்த்தாலே போதும்.

பணமில்லை என்ற சாக்கும் நிற்காது. குறுக்குத் தொற்றுச் சோதனைக்கு டி.என்.ஏ. கருவி வேண்டாம். உருளைக்கிழங்கு ஊடகத்தில் பூஞ்சையை வளர்த்து, வித்துகளை நீரில் கலந்து, வேறு வேறு நலமான செடிகளில் தெளித்து, பாலித்தீன் உறையால் மூடி ஈரம் காத்து, புள்ளி வந்தால் அதிலிருந்து மீண்டும் அதே பூஞ்சையைப் பிரித்தெடுத்துக் காட்ட வேண்டும். சில தொட்டிகளும் சில வாரங்களும் போதும். ஊடகத்தில் வளராத பூஞ்சை என்றால், நோயுற்ற இலையிலிருந்தே வித்துகளை எடுத்துத் தடவலாம். இதைக்கூடச் செய்யாமல் ஒரே ஊரில் ஒரே முறை பறித்த இலையைக் கொண்டு புதுச் சிற்றினம் அறிவிப்பதை ஆராய்ச்சி என்று நான் சொல்லமாட்டேன். பதிவேட்டை நிரப்புவது அது.

ஆய்வு நெறியாளர்களிடமும் இதழாசிரியர்களிடமும் நான் கேட்பது இதுதான். ஓம்புயிரி புதிது என்பதை மட்டும் சான்றாகக் காட்டும் புதுப்பெயரைத் திருப்பி அனுப்புங்கள். தொற்றுச் சோதனையைக் கேளுங்கள். வளர்க்க முடிகிற பூஞ்சையென்றால் உயிருள்ள வளர்ப்பு எந்தச் சேகரிப்பகத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். இவை இல்லாத பெயரை, அடுத்த தலைமுறை நீக்க வேண்டியிருக்கும்.