மூக்கை அளந்தார், பெயரைக் கேட்கவில்லை

கூடலூர்ச் சீனர்கள் பற்றி யார் எழுதினாலும் கடைசியில் போய் நிற்பது எட்கர் தர்ஸ்டனிடம்தான். எழும்பூர் மியூசியத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். 1909ல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' நூலின் இரண்டாம் தொகுதியில் இவர்களுக்குச் சில பக்கங்கள் உண்டு. அதை மேற்கோள் காட்டுகிறோம், விமர்சனமாகப் படிப்பதில்லை.

அவர் தரும் செய்தி இது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் பக்கத்துச் சிறைகளில் இடம் போதாமல் சீனக் கைதிகளை மதராஸ் மாகாணத்துக்கு அனுப்பினார்கள். நீலகிரியில் அரசாங்கத்தின் சின்கோனா தோட்டங்களில் அவர்களுக்கு வேலை. (மலேரியாவுக்கான கொய்னா அந்த மரப்பட்டையிலிருந்துதான்.) விடுதலையானவர்களில் சிலர் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவே மலைச்சரிவில் தங்கினார்கள். பறையர் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டுப் பிழைத்தார்கள். இன்று மூன்று மாநில எல்லைகள் சேருகிற பக்கம் அது.

டூரிஸ்டுகளிடம் சொல்லப்படும் கதையோ வேறு: அபினிப் போரில் பிடிபட்ட வீரர்கள், தேயிலை வளர்க்கக் கற்றுக்கொடுத்தவர்கள்னு. தர்ஸ்டனைப் புரட்டினாலே இது ஆட்டம் காணும். அவர் சொல்வது போர்வீரர்களை அல்ல, குற்றக் கைதிகளை. தேயிலையை அல்ல, சின்கோனாவை.

அதற்காக தர்ஸ்டனை அப்படியே நம்பிவிடவும் முடியாது. பதிவின் தலைப்பே 'சீன-தமிழ்க் கலப்பு', மாட்டுக்குச் சொல்ற மாதிரி. பிள்ளைகளின் தலை அகலம், மூக்கின் அளவு, தோல் நிறம், கண்ணின் சாய்வு எல்லாம் இருக்கிறது. அம்மா பெயர் இல்லை, சாதியும் நிறமும்தான். கீழ்நாட்டிலிருந்து மலையேறி வந்து, ஊர் பேர் தெரியாத ஒருவரோடு குடும்பம் நடத்திய பெண் என்ன மொழியில் அவரோடு பேசினார்? அந்தக் கேள்வியே அங்கே எழவில்லை. என்னைக் கேட்டால், அந்தப் பக்கங்களில் வரலாறு என்று மிஞ்சுவது அளவு அட்டவணை இல்லை, போகிறபோக்கில் சொன்ன அந்தக் காய்கறித் தோட்டம்தான்.

1962 போரின்போது அசாமிலிருந்தும் வங்கத்திலிருந்தும் ராஜஸ்தானின் தேவ்லி முகாமுக்குக் கொண்டுபோகப்பட்ட இந்தியச் சீனர்களுக்கு, பிந்தியாவது சொந்தக் குரல் கிடைத்தது. அந்த முகாமிலேயே பிறந்த ஜாய் மா, திலீப் டிசோசாவுடன் சேர்ந்து 2020ல் புத்தகமே எழுதினார். நடுவட்டத்துப் பெண்களுக்கு அது வாய்க்கவில்லை.

இதெல்லாம் பழங்கதைன்னு ஒதுக்க வேண்டாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடிந்து வரும் ஒடியாக்காரரையும் பீகார்க்காரரையும் நாம் 'வடக்கன்' என்ற ஒரே சொல்லில்தானே அடக்குகிறோம்? நூறு வருஷம் கழித்து இவர்களைத் தேடுகிறவருக்கு நாம் எழுதி வைப்பது என்ன, முகஜாடையா, பெயரா?