சந்திரலேகாவுக்குப் பயிற்சியாளர் யார்?

1970 உலகக் கோப்பையைப் பிரேசிலுக்கு வாங்கித் தந்த பயிற்சியாளர் யார் என்று கோப்பெங் கடைத்தெருவில் எந்தப் பந்துப் பைத்தியத்தைக் கேட்டாலும் ஸகாலோ என்றுதான் சொல்வார். சரிதான். ஜூன் 21 அன்று மெக்சிகோவில் இத்தாலியை 4-1 என்று மடக்கியபோது பெஞ்சில் இருந்தவர் அவர்தான். ஆனால் தகுதிச் சுற்றின் ஆறு ஆட்டங்களையும் வென்று, 23 கோல் போட்டு, இரண்டே கோல் வாங்கிய அணியைக் கட்டியவர் ஜோவாவ் சல்தானா. போட்டி தொடங்க மூன்று மாதம்கூட இல்லாதபோது அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சல்தானா பத்திரிகைக்காரர். அதனால் அவர்மேல் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பாசம் உண்டு. அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

இந்த வாரம் அலச எடுத்துக்கொண்டது பந்தாட்டம் இல்லை, ‘சந்திரலேகா’. 1948 ஏப்ரல் 9-இல் வெளிவந்த ஜெமினி படம். 30 லட்சம் ரூபாய் செலவு, ஏறக்குறைய ஐந்து ஆண்டு உழைப்பு. டைட்டிலில் இயக்கம் என்ற இடத்தில் எஸ்.எஸ். வாசன் பெயர் வரும். வாசன் இயக்குநராகப் பெயர் போட்டுக்கொண்ட முதல் படம் அது. ஆனால் அதைத் தொடங்கி, பாதிக்கு மேல் எடுத்து முடித்திருந்தவர் ஆச்சார்யா என்று அழைக்கப்பட்ட டி.ஜி. ராகவாச்சாரி. முதலாளியோடு ஒத்துவராமல் நடுவில் விலகினார். வேறு ஆளைத் தேடாமல் வாசனே அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கிளப்பின் முதலாளியே கோட்டைக் கழற்றிவிட்டு விசிலை மாட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்கிய கதை.

நம் பக்கம் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்ட காலத்தில், பெயர் ஓடுகிற நேரம் என்பது பாய் விரிக்கிற நேரம், பிள்ளைகளை அதட்டுகிற நேரம். ‘வாசன் படம்’, ‘எம்.ஜி.ஆர். படம்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பெயர்ப் பட்டியலே முழுக் கணக்கைக் காட்டவில்லையே.

முரசு நடனத்துக்கு வருவோம். கதைப்படி, கெட்ட தம்பி சசாங்கன் (ரஞ்சன்) சந்திரலேகாவை (டி.ஆர். ராஜகுமாரி) மணக்கத் துடிக்கிறான். கல்யாணத்துக்கு முன் முரசு நடனம் ஒன்று நடக்க வேண்டும் என்று அவள் நிபந்தனை போடுகிறாள். அரண்மனை முற்றத்தில் ஆளுயரத்துக்கும் மேலான முரசுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றின் தலைமேல் பெண்கள் ஆடுகிறார்கள். சுமார் 400 பேர், மாதக்கணக்கில் ஒத்திகை. காமிரா முதலில் தூரத்தில் நின்று முழுத் திடலையும் காட்டுகிறது. பிறகு உள்ளே நுழைந்து கால்களைக் காட்டுகிறது, முகத்தைக் காட்டுகிறது, மறுபடி பின்வாங்குகிறது. ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது முரசுகள் திறந்து, உள்ளே ஒளிந்திருந்த அண்ணன் வீரசிம்மனின் வீரர்கள் கொட்டுகிறார்கள். தாளத்தில் துளி இடைவெளி விடாமல் நடனம் சண்டையாகிவிடுகிறது. பின்னால் எம்.கே. ராதாவும் ரஞ்சனும் போடும் வாள் சண்டை எவ்வளவு நீளமானாலும் நாம் உட்கார்ந்திருப்பது, இந்த மாற்றம் அவ்வளவு துல்லியமாக விழுந்ததால்தான்.

இப்படிப்பட்ட காட்சி படப்பிடிப்பு நாள் காலையில் முளைப்பதில்லை. எந்த முரசு எங்கே, எந்த வரிசை எப்போது திரும்பும், காமிரா எந்த உயரத்தில் என்பதெல்லாம் முன்கூட்டியே தாளில் இருந்தாக வேண்டும். அரங்கம் ஏ.கே. சேகருடையது. காட்சியைத் திட்டமிட்டதில் பெரும்பங்கு கே. ராம்நாத்துக்கு என்று திரைப்பட வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஜெமினியின் தொழில்நுட்பத் தூணாக இருந்தவர் அவர். 1947-இல் அங்கிருந்து விலகிவிட்டார். காமிரா கமால் கோஷ் கைக்குப் போனது. ஆக, ஒரே படத்தில் இயக்குநரும் போனார், ஒளிப்பதிவாளரும் போனார், கடைசிவரை நின்றவர் வாசன் ஒருவர்தான்.

அதனால் வாசன் அடுத்தவர் உழைப்பைத் திருடினார் என்று எழுதிவிடலாமா? எனக்கு உடன்பாடில்லை. ஸகாலோவும் சும்மா உட்கார்ந்து கோப்பை வாங்கவில்லை. நடுக்களத்தில் ஆடிய பியாசாவைத் தடுப்பு வரிசைக்கு இறக்கினார், ரிவலினோவுக்கு இடம் கண்டுபிடித்தார். வாசனும் அப்படித்தான். சர்க்கஸ் பகுதியைக் கதைக்குள் கொண்டுவந்தது அவர் முடிவு. முதலில் கதாநாயகனாக நினைத்திருந்த கே.ஜே. மகாதேவனை எடுத்துவிட்டு ராதாவைப் போட்டதும் அவர் முடிவு. இதெல்லாம் இயக்கத்தில் சேராது என்றால் வேறு எதில் சேர்ப்பது? சர்க்கஸ் கொஞ்சம் இழுவை என்பது என் கட்சி. ஆனால் பணத்தை அள்ளிக் கொடுத்தது அந்தப் பிரம்மாண்டம்தான்.

இன்னொரு சாட்சியும் இருக்கிறது. மறு ஆண்டே, 1949-இல், ஜெமினியின் ‘அபூர்வ சகோதரர்கள்’. ராதாவுக்கு இரட்டை வேடம், பானுமதி நாயகி. இயக்கம் யார் தெரியுமா? ஆச்சார்யா! சண்டை போட்டுக்கொண்டு போன மனிதருக்கே வாசன் மறுபடி வேலை கொடுத்து, பெயரும் போட்டிருக்கிறார். அதே கதையை இந்தியில் ‘நிஷான்’ என்று எடுத்தபோது இயக்குநர் வாசன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு யார் கை எங்கே என்று ஓரளவு பிடிபடும்.

அமெரிக்காவில் இதற்கு விதியே போட்டுவிட்டார்கள். 1976-இல் வெளிவந்த ‘தி அவுட்லா ஜோசி வேல்ஸ்’ படத்திலிருந்து இயக்குநர் ஃபிலிப் காஃப்மன் நீக்கப்பட்டு, கதாநாயகன் கிளின்ட் ஈஸ்ட்வுட்டே இயக்கினார். அதன்பிறகு, அதே படத்தில் வேலை செய்கிற ஒருவர் இயக்குநரை நீக்கிவிட்டு அந்த இடத்தில் உட்காரக் கூடாது என்று இயக்குநர் சங்கம் தடை போட்டது. அந்த விதி 1940-களின் சென்னையில் இருந்திருந்தால் சந்திரலேகாவில் வாசன் பெயர் இயக்குநராக வந்திருக்காது. படமே வந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

பம்பாயில் கதை தலைகீழ். 1962-இல் ‘சாஹிப் பீவி அவுர் குலாம்’ அப்ரார் ஆல்வி பெயரில் வந்தது. தயாரித்து நடித்த குரு தத்தான் உண்மையில் எடுத்தார் என்று ஊர் பேசியது. பாடல்களை மட்டும் குரு தத் எடுத்தார், மற்றது என்னுடையது என்று ஆல்வி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பெயர் போட்டும் நம்பாத ஊரை என்ன செய்வது?

பத்து காஜா சாலையில் கெல்லி மாளிகைப் பக்கம் குறும்படம் எடுக்க வருகிற நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. காமிராவை எங்கே வைப்பது என்று சொன்ன நண்பனை ‘நன்றி’ பட்டியலில் பதினேழாவது ஆளாகப் போடாதீர்கள், தம்பிகளா. செய்த வேலையைப் பெயரோடு சேர்த்துப் போடுங்கள். இடம் போதவில்லை என்றால் ‘மற்றும் பலர்’ என்பதை எடுத்துவிடலாம்.

சந்திரலேகாவின் ஆட்ட நாயகன்? என் ஓட்டு ராம்நாத்துக்கு. ஜெமினியை விட்டுப் போன பிறகு ‘ஏழை படும் பாடு’ (1950), ‘மர்மயோகி’ (1951) என்று தன் பெயரிலேயே இயக்கிக் காட்டினார். அந்த இரண்டையும் பார்த்துவிட்டு முரசு நடனத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் அடுத்த வாரத்துக்குள் எழுதி அனுப்புங்கள்.