பாதி வெயிலில் பாதித் தண்ணீர் வராது

சோலார் மோட்டார் வாங்கப் போகிறவர்கள் கம்பெனிக்காரரிடம் முதலில் கேட்பது "எத்தனை எச்.பி.?" என்றுதான். தாராபுரம் பக்கம் உறவினர் தோட்டத்தில் 5 எச்.பி. சோலார் மோட்டாரைப் போட்டும் நிறுத்தியும் பார்த்த பிறகு, எச்.பி.யை இரண்டாவதாகக் கேட்டால் போதும் என்று தோன்றுகிறது.

போர்வெல்லுக்குள் சப்மெர்சிபிள் மோட்டார். மேலே 335 வாட் பேனல் 15, அதாவது ஏறக்குறைய 5 கிலோவாட். நடுவில் கன்ட்ரோலர் பெட்டி. சுவிட்சை ஒருமுறை போட்டுவிட்டால் சரி, காலையில் தானாக ஓடத் தொடங்கி மாலையில் தானாக நிற்கிறது. மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து நடுராத்திரி டார்ச்சோடு வரப்பில் நடந்தவர்களுக்கு இதுவே பெரிய நிம்மதி.

பெட்டியின் திரையில் நான் விடாமல் பார்த்தது, மோட்டாரின் வேகத்தைக் காட்டும் ஹெர்ட்ஸ் எண்ணை. வெயில் ஏறும்போது அது 50 வரை போகிறது, மேகம் மறைத்தால் சரசரவென்று இறங்குகிறது. 35-ல் மோட்டார் ஓடுவதாகத் திரை சொல்கிறது, டெலிவரி குழாயிலோ ஒரு சொட்டுகூட இல்லை!

இது பழுதல்ல. பம்பின் வேகம் குறைந்தால், அது தண்ணீரைத் தூக்கும் உயரம் வேகத்தின் வர்க்கத்தில் குறையும். 50 ஹெர்ட்ஸில் 300 அடி தூக்கும் பம்ப், 40-ல் 192 அடிதான் தூக்கும். 35-ல் 147 அடி. போரில் தண்ணீர் 180 அடியில் நின்றால், 40-ல் பேருக்கு ஒழுகும், 35-ல் வீணாகச் சுற்றும். மோட்டார் கேட்கும் மின்சாரமோ வேகத்தின் கனத்தில் குறைவதால், 40 ஹெர்ட்ஸுக்கு முழுச் சக்தியில் பாதி போதும். அதனால்தான் பாதி வெயிலில் மோட்டார் ஓடுகிறது, பாதித் தண்ணீர் வருவதில்லை. ஆழம் குறைந்த கிணறு உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

தண்ணீர் ஏறாமல் வெகுநேரம் சுற்றினால் மோட்டார் சூடாகும். சப்மெர்சிபிளைக் குளிர்விப்பதே அதை உரசிக்கொண்டு மேலே போகும் தண்ணீர்தான். எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே மோட்டார் நிற்க வேண்டும் என்பதை உங்கள் போரின் ஆழத்துக்கு ஏற்ப, மாட்டும் அன்றே வைத்துத் தரச் சொல்லுங்கள்.

சித்திரை வெயில் பேனலுக்குக் கொண்டாட்டம் என்று நினைக்க வேண்டாம். அட்டையில் போட்டிருக்கும் வாட், பேனல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. உச்சி வெயிலில் அது 60 டிகிரியைத் தொட்டால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். தென்னை நிழல் அதைவிட மோசம். பேனல்களை வரிசையாகக் கோத்திருப்பதால், ஓரத்தில் விழும் நிழல்கூட மொத்த ஓட்டத்தில் தெரிகிறது. கொங்கு நாட்டில் மயில் எச்சத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காலையில், பேனல் சூடேறுமுன் துடைத்துவிடுவது நல்லது. வயர்களில் மட்டும் கை வைக்க வேண்டாம். அதில் 500 வோல்ட்டுக்கு மேல் டி.சி. மின்சாரம், வெளிச்சம் இருக்கும்வரை உயிரோடு இருக்கும்.

சோலார் மோட்டாரை வைத்து நேரடியாக வாய்க்கால் பாய்ச்சினால் எரிச்சல்தான் மிஞ்சும். மேகம் வரும்போதெல்லாம் மடையில் தண்ணீர் பின்வாங்கும். தொட்டி கட்டி நிரப்பி, அங்கிருந்து பாய்ச்சுவதே இதற்குச் சரிப்படும். தொட்டிச் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

இலவச மின்சார இணைப்பு ஏற்கெனவே உள்ளவர்கள் இதற்குப் பணம் போடுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை, கரண்டு பில்லில் மிச்சப்படுத்த அங்கே எதுவும் இல்லை. டீசல் இன்ஜினோடு மல்லுக்கட்டுபவர்கள், இணைப்புக்கு விண்ணப்பித்து வருடக்கணக்காகக் காத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக 60 சதவீத மானியம் உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினரில் சிறு, குறு விவசாயிகளுக்குக் கூடுதலாக 20 சதவீதம்.

வாங்குமுன் போரில் கயிறு விட்டுக் கோடைக்கால நீர்மட்டத்தை அளந்துகொள்ளுங்கள். அந்த ஆழத்தில் 40 ஹெர்ட்ஸில் மணிக்கு எத்தனை லிட்டர் வரும் என்று எழுத்தில் கேளுங்கள். சொல்லத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.