நல்ல அப்பாவுக்கு டி.ஆர்.பி. இல்லையா?

'எதிர்நீச்சல்' தொடர் ஓடிக்கொண்டிருந்த நாட்களில் கிளம்பிய ஒரு பேச்சு இன்னும் அடங்கவில்லை. அதில் வீட்டையே அதட்டி ஆளும் ஆதி குணசேகரன்தான் தமிழ்ச் சின்னத்திரை கண்ட முதல் நிஜமான குடும்பத் தலைவராம்; அவருக்கு முன்னால் வந்த அப்பாக்கள் எல்லாம் தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அழுமூஞ்சிகளாம். நல்லவனை எழுதுவது சுலபம், கெட்டவனை எழுதத்தான் கெட்டிக்காரத்தனம் வேண்டும் என்று சினிமாக்காரர்கள் வெகுகாலமாகச் சொல்லிவருவதைச் சீரியல் உலகமும் இப்போது எடுத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு இது தலைகீழாகப் படுகிறது.

பழைய கதையைச் சீக்கிரம் கடந்துவிடலாம். தூர்தர்ஷனில் 1987-ல் வந்த ராமானந்த சாகரின் ராமாயணத்தில் தசரதன் அழுதே உயிரை விட்டான். வாக்குக் கொடுத்தவர் அப்பா, காட்டுக்குப் போனவன் பிள்ளை. சின்னத்திரைக்கு வந்த பாலசந்தருக்கு, பெரிய திரையில் போலவே, பெண்களின் சங்கடங்களில்தான் ஆர்வம். 1999 கடைசியில் தொடங்கிய 'சித்தி'யில் சிவகுமார் கண்ணியமான அப்பா. கண்ணியமாக இருப்பதற்கு மேல் அவருக்கு வேலை எதுவும் தரப்படவில்லை, கதை ராதிகாவுடையது.

2002-ல் திருமுருகனின் 'மெட்டி ஒலி' சன் டி.வி.யில் வந்தது. மனைவியை இழந்த சிதம்பரம், அவருக்கு ஐந்து பெண்கள். டெல்லி குமார் அந்த வேடத்தைக் குரலால் நடித்தார் என்றே சொல்லுவேன். தன் வீட்டுக்குள் ஒரு குரல், சம்பந்தி வீட்டு வாசலில் இன்னொன்று. அவர் மகள் சரோவை மாமியார் ராஜம் படுத்திய பாட்டைப் பார்த்துத் தமிழ்நாடே சாபமிட்டது. அந்தச் சாபத்தில் நாம் சிதம்பரத்தைக் கவனிக்கவில்லை. அவர் பணிந்து போனார், பொறுத்துப்போகச் சொன்னார்.

அழுமூஞ்சி என்று அவரைத் தள்ளுகிறவர்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். சிதம்பரத்தின் நல்ல குணமே மகளுக்கு வினையாகிறது. நாலு பேர் முன்னால் தலைகுனியக் கூடாது என்ற மானமும், பிறந்த வீட்டுக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது என்று பார்த்துப் பார்த்து வளர்த்த வளர்ப்பும் ஊர் மெச்சும் குணங்கள். சரோவின் வாயைக் கட்டிப்போட்டவையும் அவைதான். திருமுருகன் இதற்குத் தீர்ப்பு எழுதவில்லை. அந்த மனிதரைத் திட்டவும் முடியாமல், அவர் பக்கம் நிற்கவும் முடியாமல் நம்மை உட்காரவைத்தார். வில்லனை வெறுக்க ஒரு நிமிஷம் போதும். ஒரு நல்ல மனிதர், நல்லவராக இருப்பதாலேயே பெண்ணைக் கைவிட்டுக்கொண்டிருக்கிறார் என்பது நமக்கு உறைக்க மாதக்கணக்கில் ஆகும். தினமும் அரைமணி நேரம் வருஷக்கணக்கில் ஓடும் வடிவம் அதற்குத்தான் லாயக்கு.

திருமுருகன் 2006-ல் எடுத்த 'எம் மகன்' படத்தில் நாசர் இதற்கு நேர்மாறு: காஞ்சிபுரத்து மளிகைக் கடைக்காரர், பிள்ளையை அடித்து வளர்ப்பவர். அந்த முரட்டு அப்பாவையும் எழுதத் தெரிந்தவர்தான் 2010-ல் 'நாதஸ்வர'த்துக்காகக் காரைக்குடிக்குப் போய், மௌலியை வைத்து மறுபடி ஒரு சாதுவான அப்பாவை எழுதினார். அந்தத் தொடரின் ஆயிரமாவது பகுதி நேரலையாக ஒளிபரப்பாகிக் கின்னஸில் இடம்பிடித்ததைப் பற்றிப் பேசியதில் கால்வாசிகூட மௌலியைப் பற்றி நாம் பேசவில்லை.

இன்னொரு தொடர் இயக்குநரான திருச்செல்வத்தின் வழி வேறு. 'கோலங்கள்' (2003–2009) தொடரில் அப்பா வேறொரு குடும்பம் தேடிப் போய்விட்டார். தேவயானியின் அபிதான் அந்த வீட்டைச் சுமக்கிறாள். அப்பாவின் வேலையை மகள் செய்யும்போது அது என்ன வேலை என்பது முதல்முறையாகத் தெளிவாகத் தெரிந்தது. அதே திருச்செல்வம் 2022-ல் 'எதிர்நீச்சல்' தொடரின் குணசேகரனோடு வந்தார். படித்த மருமகள்களை அடுப்படியில் அடைப்பவர், தங்கை ஆதிரையைக் கரிகாலனுக்குக் கட்டிவைக்கத் துடிப்பவர், அப்பத்தாவின் 40 சதவீதப் பங்குக்காகத் தூக்கம் கெட்டவர். நோக்கம் கண்டனம், சந்தேகமில்லை. நடந்தது வேறு. குணசேகரனாக நடித்த மாரிமுத்துவின் "ஏய், இந்தாம்மா" வீட்டுக்கு வீடு கேலிப் பேச்சாயிற்று; அதட்டலை நாம் ரசிக்கப் பழகிக்கொண்டோம்.

2023 செப்டம்பர் 8 அன்று மாரிமுத்து காலமானார். 'குற்றப் பரம்பரை' எழுதிய வேல ராமமூர்த்தி அந்த வேடத்துக்கு வந்தார். அவர் மிடுக்கான நடிகர்தான். ஆனால் முன்னவரின் இடக்கும் நக்கலும் போன பிறகு, உத்தரவு போடுகிற ஒரு ஆள் மட்டுமே மிஞ்சினார். நாம் கொண்டாடியது மாரிமுத்துவின் உடம்பையும் தொண்டையையும், எழுத்தை இல்லை. கெட்ட அப்பாவை எழுதுவது கடினம் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

இடையில் 'பாக்கியலட்சுமி'யின் கோபி வந்தார். அசட்டு அப்பா, அவ்வளவுதான். அந்த வீட்டில் மருமகள் பக்கம் நின்ற தாத்தா ராமமூர்த்திதான் பார்க்கத் தகுந்தவர். இன்றைய தேதியில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை தருவது 'பாண்டியன் ஸ்டோர்ஸ் 2'. தானே காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட பாண்டியன், பிள்ளைகள் அதையே செய்தால் பொறுக்க மாட்டேன் என்கிறார். கடைக்கு உழைக்கும் நாணயமும் வீட்டுக்குள் அதிகாரமும் ஒரே மனிதரிடம் இருப்பதை, பாண்டியனாக நடிக்கும் ஸ்டாலின் நன்றாகச் செய்கிறார். அந்தச் சிக்கல் முற்றும்போதெல்லாம் யாராவது கண்ணீரோடு ஒரு நீளமான வசனம் பேசி அதை முடித்துவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

அபியை எழுதிய கைக்கு ஒரு சிதம்பரத்தை எழுத வராது என்று நான் நம்பவில்லை. திருச்செல்வம் அடுத்த முறை ஒரு நல்ல மனிதரை எடுத்துக்கொள்ளட்டும். சேனல்காரர்கள் முதல் மாத டி.ஆர்.பி.யைப் பார்த்து அவரை வில்லனாக்கிவிடாமல் விட்டால் போதும்.