கடைசித் திருத்த நாள் அளவுகோலாகுமா? திறமூல மென்பொருட் பேணல் குறித்து ஒரு மதிப்பீடு

சவ்வாது மலையடிவார ஊர்ப்பெயர்களை எழுத்தெண்ணி வகைப்படுத்த முனையும் ஆய்வாளர் ஒருவர், ஓப்பன்-தமிழ் போன்ற திறமூல நிரலகம் ஒன்றைத் தேர்வதாகக் கொள்வோம். அது இன்றும் பேணப்படுகிறதா என்னும் வினாவிற்குக் கடைசியாகத் திருத்தப்பட்ட நாளைக் காட்டி விடையளிப்பது வழக்கமாகியுள்ளது. இவ்வழக்கம் மறுபரிசீலனைக்குரியது.

'சந்தவாசல்' என்னும் பெயரில் எழுத்துகள் 6. அதனை ஒருங்குறியில் ஆக்கும் குறியீடுகளோ 9. புள்ளியையும் துணைக்காலையும் தனித்தனியே எண்ணும் நிரல் 9 என்றே விடை தரும். அட்டவணை முழுவதும் பிழைபடும். சரியாக 6 எனப் பிரித்த நிரற்பகுதியைப் பல்லாண்டு தொடாமல் விட்டாலும் விடை மாறாது. ஒருங்குறியில் ஒருமுறை அளிக்கப்பட்ட குறியீட்டெண்கள் மாற்றப்படுவதில்லை. டிஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் கருவிக்கும் இது பொருந்தும். அங்கே மௌனம் குறையன்று, பணி நிறைவு.

ஆயினும் அந்நிரல் பைத்தான் 2இல் மட்டும் இயங்குவதாயின் நிலைமை வேறு. அம்மொழிப் பதிப்பிற்கான ஆதரவு 2020 ஜனவரி 1இல் முடிந்தது. ஒருங்குறியின் 12.0 பதிப்பு (2019) முந்திரி, காணி முதலிய பின்னக் குறிகள் உட்பட 51 குறிகளைச் சேர்த்தது. கல்வெட்டு நில அளவைகளை ஆராய்வோர்க்கு அவற்றை அறியாத நிரலகம் பயன்படாது. ஆகவே நிரலகம் சார்ந்துள்ளவற்றுள் எது மாறியது, அதற்கு அது ஈடுகொடுத்ததா என்பதே முதலில் ஆராயத்தக்கது.

டொனால்டு நூத்தின் டெக்ஸ் 2014இல் திருத்தப்பெற்றபின் 2021இல்தான் மீண்டும் திருத்தப்பெற்றது. அதனைக் கைவிடப்பட்டதென்று கூறுவாரில்லை. பிழை முறையீடுகளைத் திரட்டி ஆராயும் ஏற்பாடு அங்கே உண்டு. மறுதலையான சான்று எக்ஸ்இசட். 2024 மார்ச்சில் அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளவாயில் ஒன்று கண்டறியப்பட்டது. அதனைப் புகுத்தியவர் ஈராண்டுக்கு மேல் திருத்தங்கள் அளித்து, நம்பிக்கை ஈட்டி, பேணுநர் உரிமை பெற்றவர். நாட்கணக்கை மட்டும் நோக்கியிருந்தால் அம்மென்பொருள் மிகுந்த உயிர்ப்புடையதாகவே தோன்றியிருக்கும். விருப்பக்குறி எண்ணிக்கை இதனினும் வலுவற்ற சான்று.

தமிழ் நிரலகங்கள் பெரும்பாலும் ஓரிருவரின் ஓய்வுநேர உழைப்பில் நிற்பவை. எனவே ஆய்வேடுகள் பதிப்பெண்ணோடு மேலும் மூன்றைத் தருதல் வேண்டும்: இயக்கிச் சோதித்த நாளும் பைத்தான் பதிப்பும், அண்மைய பிழை முறையீட்டிற்கு மறுமொழி வந்ததா என்பது, வெளியீட்டு உரிமை எத்தனை பேரிடம் உள்ளது என்பது. மூன்றாவது ஒருவரே எனின், மூலநிரலின் படியொன்றை ஆய்வேட்டுடன் இணைத்தல் நன்று.