தேதி குறித்துக் கடக்கும் கணவாய்கள்

“நாள் 3: கணவாயைக் கடத்தல்.” இமயமலை நடைப்பயணம் நடத்துகிறவர்களின் எந்த நிகழ்ச்சி நிரலைப் பிரித்தாலும் இப்படி ஒரு வரி கண்ணில் படும். நிரல் தயாராவது ஜனவரியில். கடக்கப் போவது ஜூனிலோ செப்டம்பரிலோ. அன்றைக்குப் பனி பெய்யுமா, ஓடையில் தண்ணீர் எவ்வளவு ஓடும், வருகிறவர்களில் யாருக்கு உயரம் ஒத்துக்கொள்ளும் என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. ஆனாலும் தேதி முடிவாகிவிடுகிறது. இன்றைய மலை நடையின் சிறப்பும் குறையும் இந்த ஒரு வரியிலிருந்தே கிளைக்கின்றன என்று நினைக்கிறேன்.

இந்தக் கணவாய்கள் பொழுதுபோக்குக்காக உண்டானவை அல்ல. இமாச்சலத்தின் சம்பா மாவட்டத்தில், பர்மௌருக்கு அப்பால் குக்தி என்றொரு கிராமம் இருக்கிறது. அதற்கு மேலே கேலங் கோயில். அங்கே குடிகொண்டிருப்பவர் கார்த்திக் சுவாமி, நம் முருகன். குளிர்காலம் முழுக்க நடை சாத்தியிருக்கும். சித்திரை பிறக்கும்போது திறப்பார்கள். கத்தீ இடையர்கள் கோடையில் ஆட்டு மந்தைகளை லாஹுல் பக்கத்துப் புல்வெளிகளுக்கு ஓட்டிச் செல்கையில் இங்கே வழிபட்டுவிட்டுத்தான் 5000 மீட்டரைத் தாண்டி நிற்கும் குக்திக் கணவாயில் கால் வைக்கிறார்கள். கறுப்புக் கம்பளிக் கயிற்றைச் சுற்றுச் சுற்றாக இடுப்பில் கட்டியிருப்பார்கள். டோரா என்று பெயர். குளிருக்கு இதமாக இருக்கும். தேவைப்பட்டால் அவிழ்த்துக் கயிறாகவும் பயன்படுத்தலாம். வானம் சரியில்லை என்றால் கணவாய்க்குக் கீழே மேய்ச்சல் இருக்கும் இடத்தில் தங்கிவிடுவார்கள். ஆடு மேயும்வரை அவர்களுக்கு நாள் வீணாவதில்லை. பனி இறுகியிருக்கும் விடியற்காலையில் கடப்பார்கள். குமாவுன், கட்வால் பகுதிகளின் போட்டியா வணிகர்களும் 1962 வரை இப்படித்தான் ஆடுகளின் முதுகில் தானியப் பைகளைக் கட்டித் திபெத்துக்குப் போய் உப்போடு திரும்பினார்கள். அவர்களிலும் பனியில் மாண்டவர்கள் உண்டு. பருவம் தப்பிய பனியில் மந்தையையே பறிகொடுத்தவர்களும் உண்டு. பழையவர்களுக்கு மலை அடங்கி நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. காத்திருப்பது அவர்கள் பிழைப்பிலேயே சேர்ந்திருந்தது. நாம் அவர்களுடைய பாதையை எடுத்துக்கொண்டோம், காத்திருப்பை விட்டுவிட்டோம்.

தேதி குறிப்பதால் விளைந்த நன்மையையும் மறைக்கக் கூடாது. நேபாளத்தில் ஜிம்மி ராபர்ட்ஸ் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி 1960களின் நடுவில் முதல் நடைப்பயண நிறுவனத்தைத் தொடங்கும்வரை, இந்தப் பள்ளத்தாக்குகள் படையெடுப்பைப் போன்ற பெருங்குழுக்களுக்கும் தனவந்தர்களுக்கும் உரியவையாக இருந்தன. கூடாரம், சமையல், வழிகாட்டி எல்லாவற்றையும் ஒரே கட்டணத்தில் அடக்கி, புறப்படும் நாளையும் திரும்பும் நாளையும் சொல்லிவிட்டதால்தான் பள்ளி ஆசிரியரும் வங்கி ஊழியரும் பத்து நாள் விடுப்பில் 4000 மீட்டரைத் தொட முடிகிறது. தனியாகப் போகப் பெற்றோர் சம்மதிக்காத பெண்கள் குழுவாகப் போய் வருகிறார்கள். சமவெளியிலேயே பிறந்து வளர்ந்த ஒருவர், தன் மூச்சின் ஓசை தனக்கே கேட்க, ஒவ்வோர் அடியாக எடுத்துவைத்து ஒரு கணவாயின் மேலே நின்று, ஏறிவந்த பள்ளத்தாக்கு பின்னாலும் மழையே காணாத பழுப்பு மலைகள் முன்னாலும் விரிவதைப் பார்ப்பது சின்ன விஷயமல்ல. ஹம்ப்டா கணவாயில் இதைத் தெளிவாகக் காணலாம். குலு பக்கம் பச்சை. சந்திரா நதிப் பக்கம் வெறும் கல்லும் மண்ணும். பருவக்காற்று எங்கே நின்றுபோகிறது என்பதைப் பாடப்புத்தகம் சொல்லிப் புரிந்துகொள்வதும் நின்று பார்த்துப் புரிந்துகொள்வதும் ஒன்றாகாது.

ஆனால் அதே ஹம்ப்டாவின் கணக்கைப் பாருங்கள். மனாலி சுமார் 2050 மீட்டர் உயரம். கணவாய் 4270. பெரும்பாலான திட்டங்களில் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ கடந்துவிடுகிறார்கள். 3000 மீட்டருக்கு மேலே போனால், தூங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வெடுங்கள் என்பது உயரமலை மருத்துவர்கள் வகுத்த வழி. இத்தகைய திட்டங்களில் அந்த ஓய்வு நாளுக்குப் பெரும்பாலும் இடமில்லை. பலருக்கு ஒன்றும் ஆவதில்லை என்பது உண்மைதான். ஆனால் உயரநோய் யாரைப் பிடிக்கும் என்று உடற்கட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. மாரத்தான் ஓடுகிறவரையும் விடாது. நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துவிட்டால் உடனே கீழே இறக்குவதுதான் முதல் மருந்து.

நல்ல நிறுவனங்கள் இதற்கு ஓர் ஏற்பாடு வைத்திருக்கின்றன. மாலையில் வழிகாட்டி சாப்பாட்டுக் கூடாரத்துக்கு வந்து ஒவ்வொருவர் விரலிலும் ஆக்ஸிமீட்டரை மாட்டி, எண்ணைக் குறித்துக்கொள்வார். இது பாராட்ட வேண்டிய வழக்கம். ஆனால் அந்தக் கூடாரத்தில் நடப்பதைக் கொஞ்சம் கவனித்தால் வேறொன்றும் தெரியும். தன் முறை வருமுன் சிலர் கையைத் தேய்த்துச் சூடேற்றுகிறார்கள். ஆழமாக மூச்சிழுத்து எண்ணை ஏற்றப் பார்க்கிறார்கள். தலைவலி இருக்கிறதா என்றால் இல்லை என்கிறார்கள். திருப்பி அனுப்பிவிட்டால் விடுப்பும் பணமும் போய்விடும் என்ற பயம். ஒரு நாள் இங்கேயே தங்கினால் சரியாகிவிடும் என்று சொல்லத் திட்டத்தில் இடம் இருந்தால், அந்தப் பொய்க்கே அவசியம் இருந்திருக்காது. இன்னொன்று: சுமை தூக்கி வந்தவர்களின் விரலில் அந்தக் கருவியை மாட்டுவதை நான் பார்த்ததில்லை.

2014 அக்டோபர் 12 அன்று ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையேறியது. வடக்கே நகர்ந்த அதன் மிச்சம் அக்டோபர் 14 அன்று நேபாளத்தின் அன்னபூர்ணா, தௌலகிரிப் பகுதிகளில் பனியாகக் கொட்டியது. பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும் மாதம் என்பதால் அக்டோபரில்தான் அங்கே கூட்டம் மிகுதி. மனாங்குக்கும் முக்திநாத்துக்கும் நடுவே இருக்கும் தோரோங் லா கணவாய் 5416 மீட்டர். அன்று விடியுமுன்பே பலர் ஏறத் தொடங்கியிருந்தார்கள். பனி வலுத்தபோது மேலே இருந்த சிறு தேநீர்க் குடிலில் நெருக்கியடித்து ஒதுங்கினார்கள். அங்கிருந்து முக்திநாத் பக்கம் சுமார் 1600 மீட்டர் இறக்கம். பாதை மறைந்துவிட்டது. இறங்க முயன்றவர்களில் பலர் வழியிலேயே விறைத்துப் போனார்கள். அந்தப் பகுதிகளில் எல்லாமாக 40க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அயல்நாட்டு நடைப்பயணிகளோடு நேபாள வழிகாட்டிகளும் சுமை தூக்குவோரும் யாக் மேய்ப்பவர்களும் அதில் அடக்கம். புயல் எங்கோ மறைந்து வந்ததல்ல. நாள்கணக்கில் வானிலைத் துறையின் கண்ணில் இருந்தது. கணவாயின் அடிவாரத்தில் இருந்தவர்களுக்கு அந்தச் செய்தி உரிய வகையில் போய்ச் சேரவில்லை.

பிறகு வந்த யோசனைகள் பெரும்பாலும் வழிகாட்டி பற்றியவை. 2023 ஏப்ரல் முதல் அயல்நாட்டவர் வழிகாட்டி இல்லாமல் நடக்கக் கூடாது என்று நேபாளம் விதி கொண்டுவந்தது. வழிகாட்டி வேண்டியதுதான். ஆனால் 2014-இல் மாண்டவர்களில் வழிகாட்டிகளும் இருந்தார்கள். 2024 ஜூனில் உத்தராகண்டின் சஹஸ்திர தால் பாதையில் பெரும்பாலும் கர்நாடகத்தவர் அடங்கிய 22 பேர் குழு பனிப்புயலில் சிக்கி 9 பேர் இறந்தார்களே, அந்தக் குழுவிலும் வழிகாட்டிகள் இருந்தார்கள். 2021 அக்டோபரில் ஹர்சிலில் இருந்து சித்குலுக்கு லம்காகா கணவாய் வழியாகப் போன குழுவும் பனியில் மாட்டியது; மாண்டவர்களில் சமையலுக்குப் போனவர்களும் உண்டு. வழிகாட்டிக்கு மலை தெரியும். ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இருக்கிறதா என்பதே கேள்வி. அடுத்த குழு பின்னாலேயே வருகிறது, கூடாரங்கள் அவர்களுக்கு வேண்டும், இந்தக் குழுவுக்கு டெல்லியில் விமானம் காத்திருக்கிறது. இந்த நெருக்கடியில் அவர் வாயைத் திறப்பது எவ்வளவு கடினம் என்று நாம் யோசிக்க வேண்டும்.

சுமை தூக்குவோர் நிலை அதைவிடக் கடினம். நேபாளத்தில் அவர்கள் தூக்குவது டோக்கோ என்ற மூங்கில் கூடை. நாம்லோ என்ற பட்டை நெற்றியின் மேல் படிந்து முழுச் சுமையையும் கழுத்துக்கும் முதுகெலும்புக்கும் இறக்குகிறது. கையில் ‘டி’ எழுத்து வடிவில் கட்டையான ஒரு கோல், டோக்மா. இளைப்பாற நினைத்தால் கூடையைக் கீழே வைக்க மாட்டார்கள். வைத்தால் திரும்பத் தூக்கி நிமிர்வது பெரும்பாடு. டோக்மாவைப் பின்னால் கூடையின் அடியில் முட்டுக் கொடுத்து, நின்றபடியே ஒரு நீண்ட சீழ்க்கையைப் போல மூச்சை வெளியே விடுவார்கள். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ, அவ்வளவுதான். சுமை 30 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது நேபாளத்தில் ஏற்றுக்கொண்ட அளவு. தாண்டுவதை அந்தப் பாதைகளில் நடந்த யாரும் பார்த்திருப்பார்கள். இவர்களில் பலர் தாழ்வான மலைக் கிராமங்களிலிருந்து பிழைப்புக்கு வருகிறவர்கள். மலை நாட்டவர் என்பதாலேயே உயரம் அவர்களை ஒன்றும் செய்யாது என்று நம்புவது தவறு. 1997-இல் நோயுற்ற ஓர் இளம் சுமைக்காரர் குழுவால் கைவிடப்பட்டு இறந்த பிறகுதான், உடை, தங்குமிடம், மருத்துவம், சுமை அளவு ஆகியவற்றில் அவர்களுக்காகப் பேச சர்வதேச சுமைக்காரர் பாதுகாப்புக் குழு பிறந்தது. பயணிக்கு இறகு மேலங்கி, சுமைக்காரருக்குச் சாயம் போன ஸ்வெட்டர் என்ற காட்சி இன்னும் முற்றாக மறையவில்லை. இது எனக்கு ஆற்றாமை தரும் விஷயம்.

காத்திருக்க நேரமில்லாத பழக்கம் வேறு கேடுகளையும் வளர்க்கிறது. தலைவலி வந்தவரை ஒரு நாள் தங்கவைத்தோ மெல்ல நடத்திக் கீழே இறக்கியோ பார்ப்பதை விட்டு, ஹெலிகாப்டரை வரவழைத்துக் காப்பீட்டில் கணக்கெழுதும் வியாபாரம் நேபாளத்தில் வளர்ந்திருந்தது 2018-இல் அரசு விசாரணையிலேயே வெளிவந்தது. உண்மையாகவே உயிர் காக்கும் ஒரு வசதி இப்படிக் கெட்டது வேதனை.

இதற்கெல்லாம் தடைதான் வழியா? 2018 ஆகஸ்டில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் புக்யால்களில், அதாவது காட்டு எல்லைக்கு மேலே விரியும் உயரப் புல்வெளிகளில், இரவு முகாமுக்குத் தடை விதித்தது. நாளொன்றுக்கு வருகிறவர்களுக்கும் 200 என்று உச்சவரம்பு வைத்தது. அதற்கான காரணம் பொய்யல்ல. ஆலி, பேத்னி போன்ற வெளிகளில் புல் வளரும் காலம் ஆண்டில் சில மாதங்களே. அந்த மாதங்களில்தான் கூடாரங்களும் கழிப்புக் குழிகளும் கோவேறு கழுதைகளின் குளம்புகளும் அதன்மேல் இறங்குகின்றன. ஒரே இடத்தில் வாரத்துக்கு வாரம் கூடாரம் போட்டால் மண் இறுகி, மழையில் அரித்துப் போகும். ஆனால் தடையின் அடி விழுந்தது அந்த வெளிகளுக்குப் போகும் வழியிலுள்ள லோஹாஜங், வான் போன்ற ஊர்களின் மேல். நிறுவனங்கள் வேறு பாதைக்கு நகர்ந்துவிட்டன, கூட்டத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு. கோவேறு கழுதை வைத்திருந்தவரும் வழிகாட்டிப் பையனும் எங்கே நகர்வார்கள்? எத்தனை பேர், எத்தனை கூடாரம், எந்தெந்த வாரம் வெளிக்கு ஓய்வு என்பதை அந்த ஊர்க்காரர்களே தீர்மானிக்கும் ஏற்பாட்டை முதலில் முயன்றிருக்கலாம் என்று தோன்றுகிறது.

சாலை பற்றியும் சொல்ல வேண்டும். அன்னபூர்ணா சுற்றுப்பாதையின் இரு பக்கமும் ஜீப் சாலை வந்து நடை கெட்டுப்போனதாக நடைப்பயணிகள் வருந்துகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பிரசவ வலி கண்ட பெண்ணை நாள்கணக்கில் முதுகில் சுமந்து இறக்கிய ஊர்கள் அவை. மனாங்கின் ஆப்பிளும் உருளைக்கிழங்கும் இப்போது சந்தைக்குப் போகின்றன. நமது திவ்ய தேசங்களில் ஒன்றான முக்திநாத்துக்கு இங்கிருந்து போகும் முதியவர்கள் வண்டியில் ஏறித்தான் சேவிக்க முடிகிறது. ஆனால் 3700 மீட்டருக்கு மேலே இருக்கும் அந்தச் சன்னிதியை ஒன்றிரண்டு நாளில் எட்டிவிடுவதால் மூச்சுத் திணறலும் மயக்கமும் நேர்வதுண்டு. மலை நடையில் உள்ள அதே அவசரம்தான் இங்கே யாத்திரையில் இருக்கிறது. வழியில் ஓரிரவு கூடுதலாகத் தங்கச் சொல்லும் யாத்திரை ஏற்பாட்டாளருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

மாறாக, மனாங்கில் நடப்பது எனக்கு நம்பிக்கை தருகிறது. சுமார் 3500 மீட்டரில் உள்ள அந்த ஊரில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கிப் பழகுவது நெடுங்கால வழக்கம். 1973-இல் தொடங்கிய இமயமலை மீட்புச் சங்கத்தின் மருத்துவர்கள் பருவ மாதங்களில் அங்கே இருந்து உயரநோய் பற்றிப் பயணிகளிடம் பேசுகிறார்கள். அந்த ஓய்வு நாளில் பயணிகள் ஏரிக்கரைக்கு நடக்கிறார்கள், ஊர்ச் சந்துகளில் சுற்றுகிறார்கள், விடுதிக்காரரோடு பேசுகிறார்கள். அந்தப் பள்ளத்தாக்கு கணவாய்க்குப் போகும் வழி மட்டும் அல்ல, மனிதர்கள் வாழும் இடமும்தான் என்று பலருக்குப் புரிவது அந்த நாளில்தான். காத்திருப்பு உயிருக்கும் நல்லது, பயணத்துக்கும் நல்லது.

எனவே எந்தக் கணவாய்ப் பயணத்திலும் அடிவாரத்தில் இரண்டு உபரி நாட்களைத் தொடக்கத்திலேயே திட்டத்தில் சேர்த்துவிடுவதே சரி. வானம் தெளிவாக இருந்து அவை மிஞ்சினால், இறங்கிய பக்கத்துப் பள்ளத்தாக்கில் செலவழிக்கலாம். கட்டணம் கூடும், கூட்டம் குறையும் என்று நடத்துகிறவர்கள் அஞ்சுவார்கள். விடுப்பு அவ்வளவு இல்லாதவர்களுக்குக் கணவாயைக் கடக்காமல் போன வழியே திரும்பும் பயணங்கள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றைத் தரம் குறைந்தவையாக விற்பதை நிறுத்தினாலே போதும். அந்த இரண்டு நாட்களுக்கான கூலியும் சாப்பாடும் சமையல்காரருக்கும் சுமை தூக்குவோருக்கும் புறப்படுமுன்பே எழுத்தில் உறுதியாக வேண்டும், கணவாயைக் கடந்தாலும் கடக்காவிட்டாலும். பணம் கட்டுமுன் நிறுவனத்தை இந்த ஒரு கேள்வி கேளுங்கள்: பனி பெய்து இரண்டு நாள் தங்க நேர்ந்தால் என் சுமையைத் தூக்கி வருகிறவர் எங்கே தூங்குவார், அவருக்கு அந்த நாட்களின் கூலியை யார் தருவார்கள்?