சூசையும் ஜோசப்பும்: முத்துக்குளித்துறையில் ஒரு பெயரின் ஒலிப்பு

தூத்துக்குடிப் பரதவர் குடும்பங்களில் குழந்தைக்குச் ‘சூசை’ எனப் பெயரிடுவதா, ‘ஜோசப்’ எனப் பெயரிடுவதா என்னும் கருத்து வேறுபாடு எழுவதுண்டு. முன்னதைப் பின்னதன் சிதைவாகக் கருதுவோர் பலர். இக்கருத்து ஏற்புடையதன்று. 1530களில் திருமுழுக்குப் பெற்ற இக்கடற்கரை, அப்பெயரை ஆங்கிலேயரிடமிருந்து பெறவில்லை; போர்த்துக்கீசியரிடம் ‘ஜோசே’ எனக் கேட்டது. அவ்வடிவில் ஈற்றுப் பகரமே இல்லை. இல்லாத ஒலியைப் பரதவர் நா இழந்தது என்பது எங்ஙனம் பொருந்தும்? ஜகரம் சகரமானது தமிழ் மரபு. ஐகார ஈறும் தமிழுக்குப் பழகியதே. அந்தோணி–ஆன்டனி, சவேரியார்–சேவியர் என்னும் இணைகளும் இவ்வாறே இரு வேறு மொழிவழி வந்தவை. ஆகவே பதிவேட்டில் ஜோசப்பாகவும் வீட்டில் சூசையாகவும் இருப்பவரின் பெயர்களைத் திருத்தம், பிழை எனப் பகுத்தல் தகாது.

எழுத்தும் இவ்வழக்கைத் தீர்ப்பதில்லை. மொழிமுதற் சகரத்தைச் சிலர் உரசொலியாகவும் சிலர் வல்லொலியாகவும் ஒலிப்பர். ‘சூசை’ என்று எழுதிய பின்னரும் வேறுபாடு எஞ்சும்.

வீரமாமுனிவர் தேம்பாவணியில் (1726) ஒலியையே கைவிட்டார். பெருக்கத்தைக் குறிக்கும் எபிரேயப் பொருளைக் கொண்டு ‘வளன்’ என்றார். காப்பியத்திற்கு அது மிகப் பொருத்தம். கல்வி நிறுவனங்களின் பெயர்களிலும் ‘வளனார்’ நிலைபெற்றுள்ளார். எனினும் கடற்கரைத் திருநாளில் மக்கள் அழைப்பது சூசையப்பரையே.